‘சரி’ மட்டுமே சொல்லிக்கொடுத்தவன் எழுதுவது

இளங்கோவுக்கு,

நஸீமா டீச்சர் சொன்னபடி முக்கியமானதை முதலில் எழுதிவிடுகிறேன். வருகிற வெள்ளிக்கிழமை காலை பத்தரை மணிக்கு, பெரம்பலூரில் நீ இப்போது தங்கியிருக்கும் வீட்டின் முன்னறையில், டீச்சர் உன்னிடம் ஒரு கேள்வி கேட்பார். இந்த வீட்டிலேயே தொடர்ந்து இருக்கிறாயா, பாடாலூருக்கு நம் வீட்டுக்குத் திரும்பி வருகிறாயா என்பதுதான் கேள்வி. இரண்டு பதிலும் சரியான பதில்தான். யோசிக்க எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். அன்றைக்கே சொல்ல முடியாவிட்டால் திங்கட்கிழமை சொல்லலாம். வாயால் சொல்ல வராவிட்டால் எழுதிக் காட்டலாம். நான் அந்த அறையில் இருக்க மாட்டேன். ஏன் இருக்க மாட்டேன் என்று சொல்லத்தான் இத்தனை பக்கம். சில இடங்கள் உனக்குப் பிடிக்காமல் போகலாம். பிடிக்காத பக்கத்தை மடித்து வைத்துவிட்டு அடுத்ததைப் படி.

பேச்சைவிட எழுத்துதான் உனக்கு எப்போதும் தோது. நேரில் சொன்னால் என் குரல் ஏறுகிறதா இறங்குகிறதா என்றுதான் கவனிப்பாய். ஏறினாலும் ஒரு ‘சரிப்பா’, இறங்கினாலும் ஒரு ‘சரிப்பா’. காகிதத்துக்குக் குரல் கிடையாது. எனக்கும் எழுதுவது இப்போது தோதாகத்தான் இருக்கிறது. அறுபத்தேழு வயதில், இடுப்பில் தகடு வைத்துக்கொண்டு, வயலையும் வேறொருவருக்கு வாரத்துக்கு விட்டுவிட்டவன் வேறென்ன செய்வான்? வீட்டில் நாள் முழுக்க டிவி ஓடுகிறது. என்ன ஓடுகிறது என்று கேட்டால் சொல்லத் தெரியாது, பேச்சுச் சத்தத்துக்காக ஓடுகிறது. முந்தாநாள் நான் யாரிடமும் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை என்பது, நேற்றுக் காலையில் பால்காரரிடம் பேசப்போய்க் குரல் வராதபோதுதான் உறைத்தது. இதை உன்னை வரவழைப்பதற்காகச் சொல்லவில்லை. உள்ளதை உள்ளபடி எழுதுவதென்று உட்கார்ந்திருக்கிறேன், அதில் இதுவும் சேர்த்தி.

உனக்கு ஐந்து வயதில்தான் திருச்சியில் ஒரு டாக்டர் ஆட்டிசம் என்றார். அதுவரைக்கும் ஊரில் ஆளுக்கொரு பேர் வைத்திருந்தார்கள். பேச்சு வரட்டும் என்று உன் நாக்கில் என்னென்னவோ தடவினோம், எந்தெந்தக் கோயில் மண்ணையோ பூசினோம். அந்த டாக்டர் அனுப்பிய பயிற்சிக்கூடத்துக்கு மாதம் இரண்டு தடவை அம்மா உன்னை பஸ்ஸில் அழைத்துக்கொண்டு போவாள். பஸ் ஹாரன் சத்தத்துக்கு நீ காதைப் பொத்திக்கொண்டு அவள் மடியில் முகத்தைப் புதைத்துக்கொள்வாய். அங்கே பத்து விஷயம் சொல்லிக்கொடுத்தார்கள். எதைத் தொட்டால் உனக்குக் கூசுகிறது என்று பார்க்கச் சொன்னார்கள், உனக்குப் பிடித்த விளையாட்டில் நாங்களும் சேரச் சொன்னார்கள், நீ கையால் காட்டுவதையும் பேச்சாகவே எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். அம்மா பத்தையும் கேட்டுக்கொண்டு வந்து என்னிடம் சொல்வாள். நான் எடுத்துக்கொண்டது ஒன்றைத்தான். சொன்னபடி செய்தால் உடனே பிடித்த தின்பண்டம் ஒன்று கொடுக்கலாம் என்று சொல்லியிருந்தார்கள். அது எனக்குப் புரிந்தது. மாடு பழக்கியவனுக்கு அது புரியாமல் என்ன?

சின்ன வெங்காயத்தைத் தாளோடு அடுக்கிக் காற்றாடப் போட்டு வைக்கும் பட்டறை நம் களத்து ஓரத்தில் இருந்ததே, அதன் நிழலில்தான் என் பள்ளிக்கூடம். மத்தியானம் வேலையாட்கள் சாப்பிடப் போனதும் உன்னை எதிரில் உட்கார வைப்பேன். மடியில் கடலை மிட்டாய். “உக்காரு. சரின்னு சொல்லு.” சொன்னால் ஒரு துண்டு. “எந்திரி. சரின்னு சொல்லு.” இன்னொரு துண்டு. “கையை ஆட்டாத. சரின்னு சொல்லு.” நீ கையை ஆட்டினால் மிட்டாய் கிடையாது, சில நாள் அடியும் விழுந்தது. அடியாத மாடு படியாது என்று நான் நிஜமாகவே நம்பிக்கொண்டிருந்த காலம் அது. உனக்கு வந்த முதல் முழு வார்த்தை ‘அம்மா’ இல்லை, ‘அப்பா’ இல்லை, ‘சரி’. நான் ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். டாக்டரால் ஆகாததை நான் ஆக்கிவிட்டேன் என்று உன் சித்தப்பாவிடம் மீசையை முறுக்கினேன். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. எனக்கு வந்த பேரைக் கண்டு அவளுக்குப் பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

நீ வளர வளர ‘சரி’யும் வளர்ந்தது. யார் எதைச் சொன்னாலும் சரி. வெங்காய மூட்டை தூக்க ஆள் குறைந்தால், “இளங்கோ, வாடா” என்பார்கள், நீ போவாய். தோல் உரிந்து சட்டையில் ரத்தம் ஒட்டும் வரைக்கும் தூக்கியிருக்கிறாய். “ஒங்க புள்ள மாதிரி சொன்ன சொல் கேக்குற புள்ள இந்த ஊர்ல இல்லைங்க” என்று யாராவது சொன்னால் எனக்கு மனசு குளிர்ந்துவிடும். இந்த ஒரு பெருமையைத் தவிர உன்னை வைத்து வேறு பெருமை எனக்கு யாரும் தரவில்லை, அதனால் அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

உனக்குப் பத்தொன்பது வயதில் நடந்தது நினைவிருக்கிறதா? உரம் வாங்கப் பெரம்பலூர் வந்தோம். பஸ் ஸ்டாண்டில் உன்னை ஒரு தூண் பக்கம் நிற்கச் சொல்லிவிட்டு எதிரில் இருந்த கடைக்குப் போனேன். திரும்பி வந்தால் நீ இல்லை. ஒரு பெரியவர் தன் மூட்டையை அரியலூர் பஸ்ஸில் ஏற்றிவிடச் சொல்லியிருக்கிறார். நீ சரி என்று ஏற்றியிருக்கிறாய். நீயும் அரியலூர்தானே தம்பி என்று கேட்டிருக்கிறார், அதற்கும் சரி. அவர் டிக்கெட்டும் எடுத்துவிட்டார். அரியலூர் ரயில்வே ஸ்டேஷன் வரைக்கும் மூட்டையைச் சுமந்துகொண்டு போயிருக்கிறாய். விருத்தாசலம் வண்டி ஏறும்போது அவர், “உக்காரு தம்பி, ரொம்ப நேரமா தூக்கிட்டு வந்துட்ட” என்று பிளாட்பார பெஞ்சில் உன்னை உட்கார வைத்துவிட்டுப் போயிருக்கிறார். நல்ல மனுஷன்தான், அவர்மேல் ஒரு குற்றமும் இல்லை. காலை பத்து மணியில் இருந்து பொழுது சாய்கிறவரை நீ அந்த பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தாய். டீக்கடைக்காரர் ஒருவர் உன் சட்டைப் பையில் இருந்த சீட்டைப் பார்த்துப் போன் செய்தார். நான் வந்து பார்த்தபோது உன் பேண்ட் நனைந்து காய்ந்திருந்தது. பக்கத்திலேயே கக்கூஸ் இருந்தது. எழுந்திரு என்று யாரும் சொல்லாததால் நீ எழுந்திருக்கவில்லை.

அன்றைக்கு நான் சொன்னதை இப்போது எழுத வெட்கமாக இருக்கிறது. அந்த டீக்கடைக்காரரிடம், “பாத்தீங்களா, உக்காருன்னா உக்காந்த எடத்த விட்டு அசையலை. அப்படி வளத்துருக்கேன்” என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு உனக்கு ஒரு டீ கொடுத்தார். வீட்டுக்கு வந்ததும் அம்மா உன்னைக் குளிப்பாட்டி, துணி மாற்றிவிட்டு, அடுப்படியில் வந்து என் முன்னால் நின்றாள். அவள் என்னிடம் குரல் உயர்த்தியது அன்று ஒரு நாள்தான். “அவனுக்கு மாட்டேன்னு சொல்லக் கத்துக்குடுங்க. எத்தன நாளைக்கு நாம பின்னாடியே ஓடுறது?” என்றாள். ‘மாட்டேன்’ என்பது தானாக வருவது, அதை யாராவது கற்றுக்கொடுப்பார்களா என்று சிரித்தேன். மறுநாளிலிருந்து வாசல் கேட்டுக்குப் பூட்டுப் போட்டேன். என் மூளைக்கு எட்டிய வழி அதுதான். பன்னிரண்டு வருடம் அந்தப் பூட்டுச் சாவி என் அரைஞாணில் தொங்கியது.

அடுத்த பக்கத்தை நீ மடித்து வைத்துக்கொள்ளலாம். அம்மா இறந்த அன்றைக்கு நடந்ததை எழுதப்போகிறேன்.

கொள்ளி வைக்கும் மகன் தலை மழிக்க வேண்டும். நம் பக்கத்து முறை அது. உனக்குத் தலையில் கை பட்டாலே ஆகாது. முடி வெட்டவே அம்மா நீ தூங்கும்போது கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு வருவாள், பாதிப் பாதியாக இரண்டு மூன்று நாளில் வெட்டி முடிப்பாள். சுடுகாட்டில் உன்னை உட்கார வைத்தோம். “செய்வியாப்பா?” என்று சித்தப்பா கேட்டார். “சரி” என்றாய். கத்தி முதல் இழுப்பு இழுத்ததும் உன் உடம்பு முழுக்க நடுங்கியது. சவரம் செய்தவர் கையை எடுத்துவிட்டு என்னிடம் வந்து மெதுவாகச் சொன்னார். “அண்ணே, தம்பியால தாங்க முடியல. சாஸ்திரத்துக்கு நாலு முடிய எடுத்துட்டு விட்டுர்றேன். யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க.” அந்த மனுஷனுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்பதுகூடப் பொய், தெரிந்தும் சுற்றி நின்றவர்களைப் பார்த்தேன். ஊர்வாயை மூட உலைமூடி ஏது? “முழுசா எடுங்க” என்றேன். நீ ஒவ்வொரு இழுப்புக்கும் ‘சரி’ என்றாய். கண்ணை இறுக மூடிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, சரி, சரி, சரி. தாய் போன துக்கத்தில் பிள்ளை புலம்புகிறான் என்று ஜனங்கள் அழுதார்கள். அதற்குப் பிறகு இரண்டு மாதம் நீ தலையில் துண்டைக் கட்டிக்கொண்டுதான் இருந்தாய், தலையணையில் தலை வைக்கவில்லை. நான் அதைப் பற்றி உன்னிடம் ஒரு நாளும் பேசவில்லை. இளங்கோ, அது நான் செய்த தப்பு. உன் அம்மாவே அங்கு இருந்திருந்தால் அதைச் செய்ய விட்டிருக்க மாட்டாள்.

பிறகு நாம் இரண்டு பேர்தான். நாலு வருடம். நான் உனக்குத் தண்ணீர் ஊற்றினேன், துணி எடுத்து வைத்தேன், தட்டில் போட்டேன், யாராவது உன்னைக் கேட்டால் நான் பதில் சொன்னேன். ‘தம்பி சாப்பிட்டாச்சா?’ ‘சாப்ட்டான்.’ ‘தம்பிக்கு ஒடம்பு நல்லாருக்கா?’ ‘நல்லாருக்கான்.’ நீ பக்கத்திலேயேதான் நின்றுகொண்டிருப்பாய். போன ஆவணியில் மோட்டார் கொட்டகைப் படியில் வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொள்ளாமல் இருந்தால், இன்னும் அப்படியேதான் ஓடிக்கொண்டிருந்திருக்கும். ஆஸ்பத்திரியில் என் கட்டிலுக்குக் கீழே நீ மூன்று நாள் உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டு, ஒரு நர்ஸ்தான் நஸீமா டீச்சருக்குச் சொல்லி அனுப்பினார்.

டீச்சரைப் பற்றி உனக்கு நான் சொல்லவேண்டியதில்லை. ஆனால் நான் அவரை எப்படிப் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். லெப்பைக்குடிக்காட்டுக்காரர், வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருக்கிறார், பெரியவர்களான ஆட்டிசப் பிள்ளைகளுக்குத் தெரபி படித்தவர், வாடகைக்கு ஒரு வீடு எடுத்து மூன்று பேரை வைத்துப் பார்த்துக்கொள்கிறார் என்று சொன்னார்கள். முப்பத்தொரு வயது ஆனவனுக்கு இனிமேல் என்ன தெரபி என்று நினைத்தேன். என் எலும்பு கூடுகிற வரைக்கும் நீ இருக்க ஓர் இடம் கிடைத்ததே என்றுதான் ஒப்புக்கொண்டேன். ஆறு மாதம் இருக்கட்டும், அப்புறம் உங்கள் மகனையே கேட்போம் என்றார் டீச்சர். “அவனையா?” என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டே சிரித்தேன். அப்போதே இடுப்பு வலித்தது.

ஒரு மாதம் கழித்து வந்து, “அய்யா, ஒங்க மகன் எதுக்குமே வேணாம்னு சொல்ல மாட்றாரு” என்றார். நல்லபடியாக வளர்த்திருக்கிறோம் என்றேன். அவர் நாற்காலியை என் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். உனக்குக் கத்தரிக்காய் பிடிக்காது என்று நான் எழுதிக் கொடுத்திருந்தேன் அல்லவா? வேண்டுமென்றே உன் தட்டில் கொஞ்சம் வைத்துவிட்டு, வேண்டுமா என்று கேட்டாராம். சரி என்றாயாம். குமட்டக் குமட்டத் தின்றாயாம். பாதியிலேயே அவரே எடுத்துவிட்டார். “கத்திரிக்கா போவுதுங்கய்யா. நாளைக்கு ஒருத்தன் சட்டையக் கழட்டுன்னு சொன்னாலும் சரிம்பாரு. இதுல கையெழுத்துப் போடுன்னாலும் சரிம்பாரு. ஒங்களுக்கு அது பயமா இல்லையா?” என்றார். எனக்கு அரியலூர் பெஞ்சு ஞாபகம் வந்தது. முதல் தடவையாகப் பயந்தேன். இத்தனை வருடமும் பூட்டுப் போட்டு வைத்திருந்தது இந்தப் பயத்தைத்தான் போல.

அதற்குப் பிறகுதான் அந்த அட்டை. உன் இடது பாக்கெட்டில் வைத்துக்கொள்ளும்படி, ‘வேண்டாம்’ என்று ஒரு பக்கம் எழுதிய சின்ன அட்டை. மனசு பதறும்போது உனக்கு வாயில் பேச்சு வராது, அதனால் கை பேசட்டும் என்றார். ஒரு நாளைக்கு எத்தனை தடவை பழக்கினார்கள் என்று எனக்குத் தெரியாது. டீயில் உப்புப் போட்டுக் கொடுத்தார்களாம், ரேடியோவைச் சத்தமாக வைத்தார்களாம், நீ அட்டையைத் தொட்டாலே போதும், அந்த நிமிஷமே நிறுத்திவிடுவதாகப் பேச்சாம். வாரக்கணக்கில் நீ அதைத் தொடக்கூட இல்லை. ஐந்தில் வளைத்ததை முப்பத்தொன்றில் நிமிர்த்துவது லேசா?

நான் கைத்தடி பிடித்து நடக்க ஆரம்பித்ததும் ஞாயிற்றுக்கிழமைதோறும் பதினொரு மணி பஸ்ஸில் வருவேன். நீ மாறிக்கொண்டிருந்தாய், அது எனக்குக் கண்ணில் பட்டது. சுவரில் இருந்த பலகையில் அன்றைய வேலைகள் வரிசையாக எழுதியிருக்கும், நீயே ஒவ்வொன்றாக அழிப்பாய். நாளைக்கு என்ன என்று யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. காலையில் நாலு மணி நேரம் மக்காச்சோள விதை பாக்கெட் போடும் கொட்டகைக்குப் போகிறாய், மிஷின் சத்தத்துக்குக் காதில் பெரிய ஹெட்போன். குளிக்கும்போது முதலில் காலில் ஊற்றி, பிறகு முழங்கால், பிறகு வயிறு என்று மெதுவாக மேலே வருகிறாய். துணைக்கு இருக்கும் தம்பி அதைச் சொன்னபோதுதான், தலையில் மொத்தமாகத் தண்ணீர் விழுந்தால் உனக்கு மூச்சு முட்டும் என்பதே எனக்குத் தெரிந்தது. அம்மா போன பிறகு நாலு வருடமும் நான் தலையில்தான் ஊற்றினேன். ஒரு நாள் நான் சீக்கிரமே வந்துவிட்டேன். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். நீயும் உன்னோடு இருக்கும் அந்த உயரமான பையனும் ஒருவர் முதுகில் ஒருவர் சாய்ந்து உட்கார்ந்திருந்தீர்கள். அவன் ஏதோ ஒரு சத்தம் கொடுத்தான், நீ சிரித்தாய். மறுபடி கொடுத்தான், மறுபடி சிரித்தாய். உன் சிரிப்பு என்பது நானோ அம்மாவோ கொடுப்பது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வாசலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் உள்ளே வந்தேன். சந்தோஷமாக இருந்தது என்று எழுதினால் பாதிதான் உண்மை.

பொங்கலுக்கு முந்தின நாள் உன்னை அழைத்துப்போக வந்தேன். யாரையும் கேட்கவில்லை. பொங்கலுக்குப் பிள்ளை வீட்டில் இருக்க வேண்டும், அதில் கேட்க என்ன இருக்கிறது? ஒற்றை ஆளாக அந்த வீட்டில் பொங்கல் வைக்க எனக்குப் பயமாக இருந்தது என்பதுதான் நிஜம். “வூட்டுக்குப் போவோம் வா” என்றேன். நீ அசையவில்லை. உன் இடது கை பாக்கெட்டுக்குள் போனது. ரொம்ப நேரம் உள்ளேயே இருந்தது. பிறகு வெளியே வந்தது. உன் கையில் அந்த அட்டை இருந்தது, எழுத்து என் பக்கம் பார்த்தபடி இருந்தது. டீச்சர் அடுப்படி வாசலில் நின்றுகொண்டிருந்தார். நான் பார்த்தேன். இளங்கோ, நான் நன்றாகப் பார்த்தேன். பார்க்காத மாதிரி குனிந்து உன் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, “பஸ்ஸுக்கு நேரமாச்சு” என்றேன். நீ அட்டையைப் பாக்கெட்டில் திரும்ப வைத்துவிட்டு, “சரி” என்று என் பின்னால் வந்தாய்.

அந்த நாலு நாள் உனக்கும் தெரியும் எனக்கும் தெரியும். வந்து போன சொந்தக்காரர்கள், மாட்டுப் பொங்கல் கொட்டுச் சத்தம், நெடுஞ்சாலை லாரிகள், பலகை இல்லாத சுவர். நீ சாப்பிடவில்லை, மூலையில் உட்கார்ந்து ஆடிக்கொண்டே இருந்தாய், கடைசி நாள் உன் கையை நீயே கடித்துக்கொண்டாய். நான் தனியாக இருந்திருந்தால்கூட அந்தப் பொங்கல் அவ்வளவு தனியாக இருந்திருக்காது. திரும்ப உன்னை விட வந்தபோது டீச்சரிடம் எத்தனையோ வசவுக்குத் தயாராக வந்தேன். அவர் உன் கைக்கு மருந்து போட்டுவிட்டு, என்னிடம் ஒரே ஒரு சேதிதான் சொன்னார். “அய்யா, நாங்க இங்க நாலு மாசமாப் பழக்குறோம். எங்க யாருகிட்டயும் அவரு அதை இன்னும் நீட்டலை. மொதல் தடவ நீட்டுனது ஒங்ககிட்டதான்.”

பஸ்ஸில் வீடு வரும் வரைக்கும் அழுதேன். பக்கத்தில் இருந்தவர் ஏதும் காரியத்துக்குப் போய்விட்டு வருகிறேன் என்று நினைத்து இடம் விட்டு உட்கார்ந்தார். இருக்கிற மனுஷரிலெல்லாம் என்னிடம் நீட்டலாம் என்று நீ நினைத்தாய், நான் கேட்டுக்கொள்வேன் என்று நம்பியிருக்கிறாய். அந்த நம்பிக்கையை உனக்குக் கொடுக்கிற மாதிரி நான் என்ன செய்தேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

உன்னைப் போன்ற பிள்ளைகளைப் பெற்றவர்கள் இரண்டு பேர் சந்தித்தால் ஒரு கேள்வி வரும். ‘எனக்குப் பிறகு இவனுக்கு யார்?’ நானும் முப்பது வருடமாக அதைக் கேட்டுக்கொண்டு, அதைச் சொல்லியே எல்லோரிடமும் பரிதாபம் வாங்கிக்கொண்டு இருந்தேன். இந்த ஆறு மாதத்தில் அந்தக் கேள்விக்கு ஒரு மாதிரிப் பதில் கிடைத்துக்கொண்டிருக்கிறது. கிடைக்கக் கிடைக்கத்தான் அதன் அடியில் இன்னொரு கேள்வி இருந்தது தெரிகிறது. நீ போய்விட்டால் எனக்கு யார்? உன்னால் நான் இல்லாமல் முடியாது என்று சொல்லிக்கொண்டு, நீ இல்லாமல் முடியாதவனாக நான் இருந்திருக்கிறேன். இது என் கேள்வி. நான் எங்காவது போய்ப் பேச வேண்டிய கேள்வி. டீச்சர் மாதத்தில் ஒரு நாள் பெற்றவர்களை உட்கார வைத்துப் பேசுகிறார், அடுத்த மாதம் நான் போகிறேன். வெள்ளிக்கிழமை நீ பதில் யோசிக்கும்போது இந்தக் கேள்வியை எடுத்துக்கொள்ளாதே.

அப்பன் என்றால் ஏதாவது புத்தி சொல்லத்தானே வேண்டும். ஒருவர் உதவி செய்கிறார் என்பதற்காக அவர் சொல்வதெல்லாம் சரியாகிவிடாது. டீச்சருக்கும் அட்டையை நீட்டு, துணைக்கு இருக்கும் தம்பிக்கும் நீட்டு, கொட்டகை மேஸ்திரிக்கும் நீட்டு. யாராவது பார்க்காத மாதிரி நடித்தால் இன்னும் கிட்டே கொண்டுபோய் நீட்டு. அதே மாதிரி, உதவி கேட்பது கூச்சப்படும் காரியம் இல்லை. எனக்கு இப்போது படி ஏறக் கைத்தடி வேண்டியிருக்கிறது, உனக்குப் பலகையும் ஹெட்போனும் வேண்டியிருக்கின்றன, அவ்வளவுதான். கையை ஆட்ட வேண்டும்போல் இருந்தால் ஆட்டு. நான் அடித்த அடிக்கு அதுதான் என்னால் இப்போது கொடுக்க முடிந்த பதில். முடி வெட்ட யார் வந்தாலும் உன்னைக் கேட்டுவிட்டுத்தான் வெட்ட வேண்டும் என்று டீச்சரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். நாளைக்கு நான் செத்தால் உன் தலையில் யாரும் கத்தி வைக்கக் கூடாது என்று சித்தப்பாவிடமும் சொல்லிவிட்டேன். அவர் முகம் சுளித்தார், சுளிக்கட்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை வந்தபோது உன்னிடம் ஒன்று கேட்டேன். பதில் எனக்கு முன்னாடியே தெரியாத ஒரு கேள்வியை உன்னிடம் கேட்டது அதுதான் முதல் தடவை. “அடுத்த ஞாயித்துக்கெழம அப்பா வரட்டுமா?” பலகையைப் பார்த்தாய், ஜன்னலைப் பார்த்தாய். நான் காத்திருந்தேன். காத்திருப்பது எவ்வளவு கஷ்டமான வேலை என்று டீச்சர் சொல்லியிருந்தார், அன்று தெரிந்தது. அட்டையை நீ எடுக்கவில்லை. வாயாலேயே சொன்னாய். “வேணாம். ஞாயிறு கோட்டை.” அந்த வாரம் எல்லோரும் ரஞ்சன்குடிக் கோட்டைக்குப் போவதாகப் பலகையில் எழுதியிருந்தது. டீச்சர் என் முகத்தைப் பார்த்தார். நான் நல்லபடியாகப் போய் வரச் சொல்லிவிட்டு எழுந்துவிட்டேன். அவ்வளவு சீக்கிரம் எழுந்தது, உட்கார்ந்திருந்தால் மனசு மாற்றப் பார்த்திருப்பேன் என்பதால்தான்.

வெள்ளிக்கிழமை நான் அந்த அறையில் இருந்தால் நீ என் குரலுக்குப் பதில் சொல்வாய். என்னால் குரலை மறைக்க முடியாது, அதனால் வர மாட்டேன். எனக்கு என்ன ஆசை என்று கேட்டால் மறைக்க மாட்டேன், நீ வீட்டில் இருக்க வேண்டும் என்றுதான் ஆசை. அது என் ஆசை மட்டும்தான். நீ இருக்கிறேன் என்றால் டீச்சர் போன் செய்வார், வருகிறேன் என்றாலும் செய்வார். இந்தக் கடிதத்தை மற்ற பெற்றவர்களுக்கும் படிக்கக் கொடுக்கலாமா என்று கேட்டார். உன்னைக் கேட்டுவிட்டுச் செய்யச் சொல்லியிருக்கிறேன். நீ வேண்டாம் என்றால் அத்தோடு விட்டுவிடுவார்.

இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. நீ இந்நேரம் கோட்டையில் இருப்பாய். பழக்கதோஷத்தில் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு பதினொரு மணிக்கு ரோட்டுக்குப் போய் நின்றுவிட்டேன். பஸ் வந்து நின்றது. கண்டக்டருக்கு என்னைத் தெரியும். நான் ஏறாததைப் பார்த்து, “என்னங்கய்யா, இன்னிக்கு மவனப் பாக்க வரலயா?” என்று படியில் நின்றபடி கேட்டார். “அவனுக்கு இன்னிக்கு வேல இருக்காம், வர வேணாம்னுட்டான்” என்றேன். ஊரில் எத்தனையோ அப்பன்மார் தங்கள் பிள்ளைகளைப் பற்றிச் சலித்துக்கொண்டு இதைச் சொல்லக் கேட்டிருக்கிறேன். என் வாழ்நாளில் நானும் ஒரு தடவை சொல்லிவிட்டேன்.

அப்பா